டெபியன் 13 வீட்டுக் கணினிக்கு ஒத்துவருமா? தமிழ்த் தட்டச்சு, பிரிண்டர், பழைய பெட்டிகள் பற்றி

1. வைகைக்கரை

வணக்கம் நண்பர்களே. வீட்டு டெஸ்க்டாப்பில் டெபியன் 13 (லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்று) போட்டுவிட்டேன். இப்போது குடும்பத்தில் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். புதிதாகப் போட நினைப்பவர்களுக்கு உதவும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

பெட்டி இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி. இதுவரை விண்டோஸ் 10 ஓடியது. அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், இன்டெலில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. இந்தப் பெட்டியில் அது நடக்காது. மற்றபடி ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிற கணினி. இதைக் காயலான் கடைக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

டெபியனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஒருமுறை போட்டால் நெடுநாள் தொடாமல் இருக்கலாம் என்பதுதான். 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. மூன்று வருடம் முழு ஆதரவு, அதற்கு மேல் இரண்டு வருடம் நீட்டிப்பு. கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 6.12, அதுவும் நெடுங்கால ஆதரவு வரிசையைச் சேர்ந்தது. திரைத் தோற்றத்துக்கான டெஸ்க்டாப் சூழலில் க்னோம் 48, பிளாஸ்மா 6.3, எக்ஸ்எஃப்சிஇ 4.20 என்று பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். நான் போட்டது க்னோம்.

புதுப் பதிப்பு வந்தால் பெரும்பாலான அறிமுக வீடியோக்கள் வால்பேப்பர், ஐகான், அனிமேஷன் இவற்றையே சுற்றி வருகின்றன. வீட்டுக் கணினியைப் பொறுத்தவரை அது எதற்கும் உதவாது. வீட்டில் யார் என்ன வேலைக்கு இந்தக் கணினி முன்னால் உட்காருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் இருந்தவை: அப்பா தமிழ்99 விசைப்பலகை முறையில் கடிதம் அடிப்பது, மகளின் பள்ளி ப்ராஜெக்டை பிரிண்ட் எடுப்பது, மனைவி வங்கி இணையதளத்தில் பணம் அனுப்புவது, வீடியோ அழைப்பு. அப்புறம் லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே டெபியனை ஓட்டிப் பார்க்கும் பென்டிரைவ்) பூட் செய்து, இவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்த பிறகுதான் டிஸ்க்கில் கை வைக்க வேண்டும். டெபியன் லைவ் கேட்கிற பெயர் 'யூசர்', கடவுச்சொல் 'லைவ்'. லைவில் இருக்கும்போதே புதுத் தொகுப்புகளையும் நிறுவிச் சோதிக்கலாம். அவை ரேமில்தான் இருக்கும், மறுபடி பூட் செய்தால் போய்விடும்.

முதல் சோதனை தமிழ்த் தட்டச்சு. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் 'தமிழ்நெட் 99' என்று ஒன்று தெரியும். அதைச் சேர்த்துவிட்டு, தமிழ்99 வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. அது எக்ஸ்கேபி என்ற விசைப்பலகை அமைப்பு தரும் வெறும் விசை வரைபடம். ஒரு விசைக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான். தமிழ்99-இன் உயிரே தானாகப் புள்ளி வைப்பதில் இருக்கிறது. க-வை இரண்டு முறை தட்டினால் 'க்க' வர வேண்டும், ங-வும் க-வும் தட்டினால் 'ங்க' வர வேண்டும். முன்னால் என்ன எழுத்து வந்தது என்று பார்த்து முடிவெடுக்கும் வேலை இது. விசை வரைபடத்தால் அதைச் செய்ய முடியாது. அதற்கு, ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலுக்கு எம்17என் விசை அட்டவணைகளைத் தரும் ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவி, லாக் அவுட் செய்து உள்ளே வந்து, 'தமிழ்99 எம்17என்' என்று காட்டுவதைச் சேர்க்க வேண்டும். இதைச் செய்ததும் ஃபயர்ஃபாக்ஸிலும் லிப்ரே ஆஃபிஸிலும் அப்பா பழையபடி வேகமாக அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். வழக்கமான டெபியன் நிறுவியில் ரூட் (நிர்வாகக் கணக்கு) கடவுச்சொல் கேட்கும் திரை வரும். அதைக் காலியாக விட்டுத் தாண்டினால், நீங்கள் உருவாக்கும் முதல் பயனருக்கே சூடோ உரிமை (நிர்வாக வேலைகளைச் செய்யும் அனுமதி) கிடைக்கும். கடவுச்சொல் கொடுத்துவிட்டால் அந்தப் பயனர் சூடோ குழுவில் இருக்க மாட்டார். அந்தத் திரையிலேயே இது எழுதியிருக்கிறது, படிக்காமல் தாண்டுகிறவர்கள்தான் அதிகம். லைவ் வழியாகக் கலமாரஸ் நிறுவியில் போட்டால் இந்தக் கேள்வி வராது.

2. நிழல்நூல்

வைகைக்கரை அண்ணா, நல்ல பதிவு. தாளில் எழுதிப் பார்க்கச் சொன்னது மிகச் சரி. ஆனால் முதல் முறை லினக்ஸ் போடும் ஒரு வீட்டுக்கு டெபியனைப் பரிந்துரைப்பதை நான் ஏற்க மாட்டேன். லினக்ஸ் மின்ட் 22.2 இருக்கும்போது எதற்கு இந்தச் சுற்று?

மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04 மேல் கட்டியது, 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. கணக்குப் பார்த்தால் உங்கள் டெபியனுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் முறை உள்ளே நுழைந்ததும் வரவேற்புத் திரையே டைம்ஷிஃப்ட் (சிஸ்டத்தைப் பழைய நிலைக்கு மீட்கும் கருவி) அமைக்கச் சொல்கிறது. டிரைவர் மேனேஜர் தனியாக இருக்கிறது. சின்னமன் டெஸ்க்டாப்பில் கீழே பட்டை, இடது ஓரத்தில் மெனு, வலது ஓரத்தில் கடிகாரம். விண்டோஸில் பழகியவருக்கு எதையும் சொல்லித்தர வேண்டாம். க்னோமில் என் அம்மாவை உட்கார வைத்தால், ஜன்னலைச் சுருக்கும் பொத்தான் எங்கே என்றுதான் முதலில் கேட்பார். அது முன்னிருப்பாக இல்லவே இல்லை, ட்வீக்ஸ் செயலியில் போய் வரவழைக்க வேண்டும்.

இன்னொன்று, மின்ட்டில் சின்னமன் இன்னும் முன்னிருப்பாக எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில்தான் ஓடுகிறது. அதற்கு மாற்றாக வந்த வேலண்டில் தமிழ் உள்ளீடு ஒரு செயலியில் வரும், இன்னொன்றில் வராது என்கிற தலைவலி அங்கே கிடையாது. நீங்கள் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ் இரண்டோடு நிறுத்திவிட்டீர்கள். மற்ற செயலிகளில் பார்த்தீர்களா?

3. தறிமேடை

நான் லினக்ஸுக்குப் புதிது. தறிக்கூடத்தில் ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறது. 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7, சிஸ்டம் டைப்பில் 32 பிட் என்று காட்டுகிறது. நூல் வரவு, சரக்குப் போன கணக்கு இவற்றை ஒரு ஷீட்டில் போட்டு வைத்தால் போதும். டெபியன் 13-இல் 32 பிட்டை எடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். அப்படியானால் இதில் எதுவும் போட முடியாதா சார்?

4. குறுக்குச்சால்

தறிமேடை, அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். விண்டோஸ் 32 பிட் என்று காட்டுவது நிறுவியிருக்கும் விண்டோஸைப் பற்றியது. பிராசஸரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் 2 ஜிபி ரேம் லேப்டாப்களுக்கு 32 பிட் விண்டோஸ் போட்டுத் தருவது சாதாரணம், உள்ளே இருக்கும் பிராசஸர் 64 பிட்டாகவே இருக்கும். கோர் 2 டுயோ எல்லாமே 64 பிட்தான். ஆட்டம் பிராசஸர்களில் என்270 மாதிரி சில 32 பிட் மட்டும், அதற்குப் பின் வந்த என்450 64 பிட்.

எப்படித் தெரிந்துகொள்வது? ஏதாவது ஒரு 32 பிட் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, டெர்மினலில் 'எல்எஸ்சிபியு' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ஆப்-மோட் என்ற வரியில் 32, 64 இரண்டும் வந்தால் 64 பிட் டெபியன் தாராளமாக ஓடும். விண்டோஸிலேயே பிராசஸர் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து இங்கே போட்டாலும் சொல்லிவிடுவோம்.

டெபியன் 13-இல் நடந்தது என்னவென்றால், 32 பிட் கணினிகளுக்கான நிறுவியும் கெர்னலும் இல்லை. 32 பிட் தொகுப்புகள் இன்னும் இருக்கின்றன, ஆனால் அவை 64 பிட் கெர்னலின் மேல் பழைய மென்பொருளை ஓட்டுவதற்கு மட்டும். உங்கள் பிராசஸர் நிஜமாகவே 32 பிட் என்றால் டெபியன் 12 போடலாம், அதில் நிறுவி உண்டு.

64 பிட்டே ஆனாலும் 2 ஜிபி ரேமில் க்னோம் வேண்டாம். எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி மாதிரி இலகுவான டெஸ்க்டாப் போடுங்கள். டெஸ்க்டாப்பை விட பிரவுசர்தான் ரேமைத் தின்னும் என்பதையும் நினைவில் வையுங்கள். இசட்ரேம் அமைத்தால் ரேமின் ஒரு பகுதியில் தரவைச் சுருக்கி வைக்கும், 2 ஜிபி பெட்டியில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். கணக்கு ஷீட்டுக்கு இது போதும்.

5. பனங்காடு

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். நான் பாவிப்பது டெபியன் 13, கேடிஈ பிளாஸ்மாவோடு. தமிழ்99 எனக்குப் பழக்கமில்லை. நாங்கள் பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகிய ஆக்கள், எனக்கு ரெங்கநாதன் விசைப்பலகைதான் கைக்கு வரும். அதுவும் எம்17என்-க்குள்ளே இருக்குது, தமிழ்ப் பட்டியலில் தேடினால் கிடைக்கும். தட்டச்சுப் பொறி ஒழுங்கைத் தழுவியது என்றபடியால் பாமினி பழகிய ஒருவருக்குப் பெரிதாக மினக்கெட வேண்டி வராது.

பிளாஸ்மாவில் வேலண்ட் என்றால் ஐபஸை விட எஃப்சிஐடிஎக்ஸ் 5 என்ற உள்ளீட்டு நிரல் நல்லது என்பது என் அனுபவம். எஃப்சிஐடிஎக்ஸ் 5-ஐயும் அதற்கான எம்17என் பொதியையும் நிறுவியாப் பிறகு, சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டுக்குக் கீழே வேர்ச்சுவல் கீபோர்டு என்று ஒரு பக்கம் இருக்குது. அதில் எஃப்சிஐடிஎக்ஸ் 5-ஐத் தெரிவு செய்ய வேணும். பெயரைப் பார்த்தால் தொடுதிரைக்கான விசைப்பலகை போலத்தான் தெரியும், அதனால் ஒருத்தரும் அந்தப் பக்கம் போக மாட்டினம். ஆனால் வேலண்டில் உள்ளீட்டு முறையை இணைக்கிற இடமே அதுதான். அதைச் செய்தால் வடிவாக வேலை செய்யும்.

நிழல்நூல் சொன்ன மின்ட் பற்றி எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் எக்ஸ்11-இல் இருந்தால் பிரச்சினை இல்லை என்று சொல்லி எத்தனை வருஷம் இருக்கலாம்? க்னோம் 49-இல் எக்ஸ்11 அமர்வை முன்னிருப்பாகவே நிற்பாட்டிப் போட்டார்கள். உபுண்டு 25.10-இல் க்னோமுக்கு அது இல்லவே இல்லை. தமிழ் உள்ளீட்டை வேலண்டில் இப்பவே சோதித்து, பிழை இருந்தால் அந்தந்தத் திட்டங்களுக்கு அறிவிக்க வேணும். நாங்கள் அறிவிக்காவிட்டால் வேறு ஆர் அறிவிக்கப் போகினம்?

6. வைகைக்கரை

பனங்காடு, கடைசி வரியோடு முழுமையாக உடன்படுகிறேன். சீன, ஜப்பானிய உள்ளீட்டுக்காக அங்குள்ளவர்கள் விடாமல் பிழை அறிவித்ததால்தான் எஃப்சிஐடிஎக்ஸும் ஐபஸும் இவ்வளவு தூரம் வந்திருக்கின்றன. அந்த உழைப்பின் மேல்தான் நம் எம்17என் அட்டவணைகள் உட்கார்ந்திருக்கின்றன. தமிழுக்கென்று தனியாக வரும் சிக்கலை நாம்தான் சொல்லியாக வேண்டும். எந்தச் செயலி, எந்தப் பதிப்பு, வேலண்டா எக்ஸ்11-ஆ, எந்த விசைகளைத் தட்டினீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் போதும், தமிழ் தெரியாத நிரலரும் புரிந்துகொள்வார்.

நிழல்நூல், நீங்கள் கேட்ட பிறகு மற்ற செயலிகளிலும் பார்த்தேன். எடிட்டர், ஃபைல் மேனேஜர், டெர்மினல் எல்லாவற்றிலும் தமிழ் வருகிறது. ஓர் அரட்டைச் செயலியில் மட்டும் சிக்கல்: தமிழ்99-இல் அடிக்கும்போது முந்தைய எழுத்து அழியாமல் நின்று, 'கக்க' என்பது போல இரட்டிக்கிறது. குரோமியம் பிரவுசரை அடிப்படையாகக் கொண்ட செயலி அது, வேலண்டில் நேரடியாக ஓடும்போது இப்படிச் செய்கிறது. அதையே எக்ஸ்வேலண்ட் (வேலண்டுக்குள் எக்ஸ்11 செயலிகளை ஓட்டும் வசதி) வழியாக ஓடவிட்டால் சரியாகிவிடுகிறது. க்னோம் 48-இல் இன்னொரு வழியும் உண்டு. லாகின் திரையில் பெயரைத் தட்டிய பிறகு கீழ் மூலையில் வரும் பல்சக்கரத்தில் 'க்னோம் ஆன் எக்ஸார்க்' என்று தேர்ந்தெடுத்தால் முழு அமர்வும் எக்ஸ்11-க்கு மாறிவிடும். டெபியன் 13 இருக்கும் வரைக்கும் இந்தக் கதவு திறந்திருக்கும். அப்பா கணக்கை அதில் வைத்துவிட்டேன், மற்ற எல்லோரும் வேலண்டில்தான்.

ஜன்னலைச் சுருக்கும் பொத்தான் பற்றிச் சொன்னீர்கள். அதை வரவழைத்துத்தான் வைத்திருக்கிறேன். அம்மா, அப்பாவுக்கு முதல் நாளே மின்ட் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் மகளுக்கு க்னோம் பிடித்திருக்கிறது. 48-இல் புதிதாக வந்த டிஜிட்டல் நலன் பகுதியில் திரை நேரத்தைக் குறித்துக்கொண்டு, அவளே தனக்கு வரம்பு வைத்திருக்கிறாள். நாங்கள் சொல்லவில்லை.

7. சாக்பீஸ்

அரசுப் பள்ளி ஆசிரியை. எனக்கு ஒரே கவலை பழைய வினாத்தாள்கள். பல வருடங்களாகச் சேர்த்தவை எல்லாம் வானவில், பாமினி எழுத்துருவில் டாக் கோப்புகளாக இருக்கின்றன. லைவில் லிப்ரே ஆஃபிஸில் திறந்தால் எல்லாமே ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுகின்றன. இது ஒன்றுக்காகவே விண்டோஸை விட முடியாமல் இருக்கிறேன்.

8. குறுக்குச்சால்

டீச்சர், கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த எழுத்துருக்கள் உங்கள் விண்டோஸில் இருக்கின்றன, லினக்ஸில் இல்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. எழுத்துரு இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கிலம்தான் தெரியும். விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து அந்த டிடிஎஃப் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வந்து, லினக்ஸில் இரட்டைச் சொடுக்கு செய்தால் நிறுவு என்று பொத்தான் வரும். அழுத்திவிட்டு லிப்ரே ஆஃபிஸை மூடித் திறங்கள், வினாத்தாள் பழையபடி தெரியும்.

இங்கே பலரைக் குழப்பும் ஓர் இடம் இருக்கிறது. லிப்ரே ஆஃபிஸில் மேற்கத்திய எழுத்துகளுக்கு ஓர் எழுத்துரு, தமிழ், இந்தி போன்றவற்றுக்கு இன்னொரு எழுத்துரு என்று இரண்டு தனி அமைப்புகள். இரண்டாவது சிடிஎல் என்ற பெயரில் இருக்கும். பாமினி, வானவில் எழுத்துகளை லிப்ரே ஆஃபிஸ் ஆங்கிலம் என்றே நினைக்கிறது, ஆகவே அவற்றுக்கு முதல் அமைப்பு. யூனிகோடு தமிழுக்குச் சிடிஎல் அமைப்பு. ஒரே பக்கத்தில் இரண்டும் கலந்திருந்தால், எழுத்துருவை மாற்றும்போது ஒன்று மாறி இன்னொன்று மாறாமல் நிற்பது இதனால்தான். ஆப்ஷன்ஸில் மொழிகள் பகுதியில் சிடிஎல் குறியிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடிப்படை எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழை வைத்துவிடுங்கள்.

இனி எழுதப்போவது எல்லாம் யூனிகோடில் இருக்கட்டும். பழையதை மாற்ற வேண்டுமென்றால் மாற்றிகள் உண்டு. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்திலும் பழைய குறியாக்கங்களை மாற்றும் வசதி இருக்கிறது. அச்சில் மட்டும் உள்ள தாள்களுக்கு டெஸ்ஸராக்ட்டின் தமிழ்த் தொகுப்பு டெபியன் களஞ்சியத்திலேயே கிடைக்கும். தெளிவான லேசர் அச்சு என்றால் நன்றாகப் படிக்கும். பழுப்பேறிய சைக்ளோஸ்டைல் தாளை அதனிடம் கொடுத்தால் திருத்துவதற்குள் புதிதாகவே அடித்துவிடலாம்.

9. சாக்பீஸ்

எழுத்துரு போட்டதும் எல்லாம் வந்துவிட்டது! மிக்க நன்றி. ஒரு வினாத்தாளில் அட்டவணை மட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, அதைச் சரி செய்துகொள்கிறேன். பள்ளியில் இன்னும் சில ஆசிரியர்களுக்கு இதே சிக்கல், அவர்களுக்கும் காட்டுகிறேன். விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடலாமா? கணவர் அவருடைய வியாபாரத்துக்கு டேலி வைத்திருக்கிறார்.

10. நிழல்நூல்

போடலாம் டீச்சர். டேலி லினக்ஸுக்கு இல்லை, ஆகவே உங்கள் வீட்டில் இரண்டும் இருப்பதுதான் சரி. ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருந்தால் அதையும் விண்டோஸ் பக்கமே விடுங்கள்.

ஆனால் விண்டோஸில் முன்கூட்டியே சில வேலைகள் உண்டு. முதலில் பேக்கப். அடுத்து, பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்த வேண்டும். அது இருந்தால், ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதி உறங்கிய நிலையில்தான் இருக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. அதைத் தாண்டி வலுக்கட்டாயமாக எழுதினால் கோப்புகள் கெடும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்த பிறகே எதையும் தொடுங்கள். பூட் அமைப்பு மாறினால் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கும், அப்போது தேடினால் கிடைக்காது. டிஸ்க்கில் இடம் பிரிப்பதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்துவிட்டு, காலியான இடத்தில் லினக்ஸை நிறுவுங்கள்.

போட்ட பிறகு விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினால் பயப்பட வேண்டாம். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பதை லினக்ஸ் உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நமக்கு வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. இரண்டில் ஒன்றை மற்றதற்கு ஏற்ப மாற்றினால் தீர்ந்தது. பூட் மெனுவில் விண்டோஸ் வரவில்லை என்றால், கிரப் என்ற பூட் மெனு நிரலின் அமைப்பில், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ் புரோபர் அணைந்திருக்கும். சொல்லுங்கள், அதைத் திறக்கும் வழியை எழுதுகிறேன்.

11. தறிமேடை

குறுக்குச்சால் சார், பிராசஸர் பெயர் பார்த்தேன். கோர் 2 டுயோ டி6600. இதற்குப் போடலாமா? இன்னொரு பிரச்சினை, லேப்டாப்பின் உள் வைஃபை வேலை செய்யாது. ஆன்லைனில் வாங்கிய சின்ன யுஎஸ்பி டாங்கிள்தான் இருக்கிறது. லினக்ஸில் அதைச் செருகினால் சிடி டிரைவ் மாதிரி ஒன்று வருகிறது, வைஃபை வரவில்லை.

12. பனங்காடு

தறிமேடை, உங்கட டாங்கிள் பழுது இல்லை. அந்த வகையில் சிலது விண்டோஸ் டிரைவரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். செருகின உடனே சிடி போல நடிக்கும், விண்டோஸில் டிரைவரை நிறுவியாப் பிறகு வைஃபையாக மாறும். லினக்ஸில் அதை மாற்ற யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற பொதி இருக்குது. சில வேளை அந்தச் சிடியை ஃபைல் மேனேஜரில் இஜெக்ட் செய்தாலே மாறிவிடும், முதலில் அதைச் செய்து பாருங்கோ. 6.12 கெர்னலில் யுஎஸ்பி வைஃபை சிப்கள் பலவற்றுக்கு உள்ளேயே டிரைவர் இருக்குது, முந்தி நாங்கள் தேடித் தொகுத்த காலம் போய்விட்டது.

நிறுவும் நேரத்தில் இணையம் வேணுமென்றால், ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கோ. டெபியன் அதை ஒரு சாதாரண நெட்வொர்க் கேபிள் போலவே எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் தேவையில்லை.

13. வைகைக்கரை

டி6600 64 பிட்தான், தைரியமாகப் போடலாம். டெபியனின் 64 பிட் பதிப்பு ஆரம்பகால 64 பிட் பிராசஸர்களிலும் ஓடும்படியே தொகுக்கப்படுகிறது, அதனால் கோர் 2 டுயோ ஒதுக்கப்படவில்லை.

தாளில் இருந்த அடுத்த வரி பிரிண்டர். அதைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்த இழை முழுமையாகாது. எங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன. புதிது வைஃபை இங்க்ஜெட். டிரைவர் எதுவும் போடாமல் நெட்வொர்க்கில் தானாகத் தெரிந்தது, அதிலுள்ள ஸ்கேனரும் அப்படியே. ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் என்று அட்டையில் போட்டிருக்கும் எந்த பிரிண்டரும் இப்படித்தான், லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸ் அதனிடம் நேரடியாகப் பேசிவிடும். பழையது ஒரு சின்ன லேசர். தயாரித்த நிறுவனம் தனக்கென்று ஒரு மொழி வைத்திருக்கிறது, அதற்கான லினக்ஸ் டிரைவர் பல வருடமாகப் புதுப்பிக்கப்படவில்லை. அதோடு மாரடிப்பதை விட, பிரிண்டர் வாங்கும் முன்னாலேயே அட்டையில் அந்த இரண்டு பெயரில் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. இனி லினக்ஸ் போகப் போகிறோம் என்று நினைக்கும் எந்த வீட்டுக்கும் இதையே சொல்வேன்.

ஸ்கேன் என்றதும் இன்னொன்று. டெபியன் 13-இல் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்புறை ரேமில் இருக்கிறது, ரேமில் பாதி வரை அது வளரலாம். புதிதாக நிறுவிய கணினியில் அங்கே பத்து நாள் தொடாமல் கிடக்கும் கோப்புகள் தானாக அழிக்கப்படும். முன்பு ரீபூட் வரைக்கும் இருந்தது. புத்தகம் முழுக்க ஸ்கேன் செய்து டெம்பில் வைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று இருப்பவர்கள், வீட்டுக் கோப்புறையில் ஓர் இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். 2 ஜிபி ரேம் உள்ள தறிமேடைக்கு இது இன்னும் முக்கியம். டெம்பை டிஸ்க்குக்கே திருப்பும் வழி டெபியன் 13 வெளியீட்டுக் குறிப்பில் இருக்கிறது, அந்த ஒரு கட்டளையைக் கொடுத்து ரீபூட் செய்தால் போதும்.

14. நிழல்நூல்

இந்த டெம்ப் விஷயம் எனக்கும் புதிது, நன்றி. நான் மின்ட் பக்கமே நிற்கிறேன், ஆனால் உங்கள் தாள் முறையை இங்கே வருகிற எல்லோரும் செய்ய வேண்டும். மின்ட்டோ டெபியனோ, லைவில் பிரிண்டரும் தமிழும் ஓடிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு சேர்க்கை. டைம்ஷிஃப்ட்டை டெபியனிலும் நிறுவலாம், நிறுவுங்கள். ஆனால் அது சிஸ்டத்தைத்தான் காக்கும். முன்னிருப்பில் உங்கள் வீட்டுக் கோப்புறையை அது தொடாது. டீச்சரின் வினாத்தாள்களுக்குத் தனியாக ஒரு வெளி டிஸ்க் கட்டாயம் வேண்டும்.

15. தறிமேடை

எல்லோருக்கும் நன்றி. டாங்கிள் இஜெக்ட் செய்ததும் வைஃபையாக மாறிவிட்டது. இப்போது தரவிறக்கப் பக்கத்தில் நிற்கிறேன். ஏஎம்டி64 என்று போட்டிருக்கிறது, என்னுடையது இன்டெல். எதை எடுப்பது?

16. வைகைக்கரை

அதையே எடுங்கள். 64 பிட் முறையை முதலில் கொண்டுவந்தது ஏஎம்டி, அதனால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. இன்டெலுக்கும் அதேதான். லைவ் பட்டியலில் எக்ஸ்எஃப்சிஇ என்று முடிகிற ஐஎஸ்ஓ கோப்பு உங்களுக்குச் சரி. இறக்கியதும் அதே பக்கத்தில் உள்ள எஸ்ஹெச்ஏ512 சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பென்டிரைவில் ஏற்றுங்கள். அந்தப் பென்டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், கணக்குக் கோப்பு எதுவும் அதில் இருந்தால் முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் பழசு என்பதால் பயாஸில் பூட் வரிசையில் யுஎஸ்பியை மேலே கொண்டுவர வேண்டியிருக்கும். லைவ் வந்ததும் உங்கள் ஷீட்டைத் திறந்து, தமிழில் ஒரு வரி அடித்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.